எத்தனை புள்ளி, எத்தனை வரிசை

எங்கள் அச்சகத்தின் பிழைதிருத்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, சேர்ந்த மூன்றாம் நாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். என் திரையின் இடப்பாதியில் நூலாசிரியரின் கையெழுத்துப் பிரதி. வலப்பாதியில் மேலே தட்டச்சான பக்கம், அதன் கீழே அகராதி. மூன்று சாளரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், தரையில் ஓடு பதித்ததுபோல் பொருந்தியிருந்தன. உச்சியில் விரற்கடை அகலத்தில் ஒரு கருப்புப் பட்டை. அதன் ஓரத்தில் ‘செவ்வாய், 10:40’. மௌஸைத் தொடாமல் இரண்டு விசைகளை அழுத்தி அகராதியை மேலே ஏற்றிப் பக்கத்தைக் கீழே இறக்கினேன். அவன் நகரவே இல்லை.

“அண்ணா, இது எந்த விண்டோஸ்?”

“விண்டோஸ் இல்லை தம்பி, லினக்ஸ்.”

“அப்படியே என் கணினியிலும் போட்டுக்கொடுங்கள் அண்ணா.”

பென்டிரைவில் ஒரு கோப்புறையைத் தூக்கிக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ‘அப்படியே’ எனக்கு இடறியது. சாயங்காலம் டீக்கடையில் நின்றபடி ஏதோ பதில் சொன்னேன். அது போதவில்லை என்று வீட்டுக்கு வந்தபிறகும் உறுத்திக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

அம்மாவிடம் ஒரு கோலநோட்டு இருக்கிறது. கோடு போடாத நோட்டு, முனைகள் மடங்கிப் பழுத்துப்போனது. மார்கழிக் காலைகளில் எங்கள் தெருவில் பெண்கள் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். பிடித்த கோலத்தின் முன் நின்றதும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை புள்ளி?” “15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி” என்று பதில் வரும். நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டுபோய் 8ல் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். இது தெரிந்துவிட்டால் மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். கணக்குத் தெரியாமல் கண்ணால் மட்டும் பார்த்துவந்து போட்டால், சிக்குக் கோலத்தின் கம்பி எங்கோ ஓரிடத்தில் திரும்ப வழியில்லாமல் வெளியே தொங்கும். அம்மாவின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் புள்ளிக் கணக்கு இருக்கும். அதற்குக் கீழே, கொடுத்தவர் யார் என்பதும் இருக்கும்: ‘எதிர்வீட்டு அக்கா, 2003 பொங்கல்’. கணக்கு கிடைக்காத கோலத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அம்மா நோட்டில் ஏற்றியதில்லை.

லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் தன் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி இழைத்துக்கொள்கிறவர்களின் உலகத்திலும் புள்ளிதான் தொடக்கம். ஒரு நிரல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் எழுதிவைக்கும் அமைப்புக் கோப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் ஒரு புள்ளியில் தொடங்கும். அதனால் டாட்ஃபைல்ஸ். நான் புள்ளிக் கோப்புகள் என்பேன். அந்தப் புள்ளி எப்படி வந்தது என்பதை, யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் எழுதியிருக்கிறார். கோப்புறையில் இருப்பவற்றைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில், இந்தக் கோப்புறையைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் மேல் கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் தென்பட வேண்டாம் என்று, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதிக்கும் குறுக்குவழியை எழுதிவிட்டார்கள். அதில் புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் சேர்ந்து மறைந்துபோயின. மறைவான இடம் கிடைத்ததும் நிரலர்கள் தங்கள் அமைப்புகளை அங்கே வைக்கப் பழகினார்கள். வீட்டுக் கோப்புறை முழுக்க இறைந்துகிடந்த அவற்றை ‘.கான்ஃபிக்’ என்ற ஒரே கோப்புறைக்குள் அடுக்கச் சொல்லும் எக்ஸ்டிஜி விதிமுறை 2003ல் வந்தது. ஒரு சின்னப் பிழையின் மேல் ஒரு பழக்கமே கட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது பிழைதிருத்துபவனான எனக்கு மனம் ஏனோ நெகிழ்கிறது.

இவ்வளவு மாற்ற முடிவது லினக்ஸில் எப்படி என்று தம்பி கேட்டான். பதில் 1984க்குப் போகிறது. எம்ஐடியில் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை வடிவமைத்தவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: திரையில் வரைய வழி செய்து கொடுப்பது எங்கள் வேலை; சாளரம் எப்படி இருக்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்பதில் தலையிடமாட்டோம். அந்தப் பொறுப்பு விண்டோ மேனேஜர் என்ற தனி நிரலிடம் போயிற்று. தனி நிரல் என்றால் கழற்றி மாற்றலாம். மாற்றினார்கள். 1993ல் எஃப்விடபிள்யுஎம் வந்தது. 1996ல் கேடிஇ, அடுத்த ஆண்டு க்னோம் என்று முழு டெஸ்க்டாப்புகளே எழுந்தன. 2006ல் வந்த டிடபிள்யுஎம் இன்னொரு எல்லை: மூல நிரல் 2000 வரியைத் தாண்டக் கூடாது என்பது அதைச் செய்தவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட கட்டு, அதன் அமைப்பை மாற்ற வேண்டுமானால் சி மொழிக் கோப்பைத் திருத்தி மீண்டும் கம்பைல் செய்ய, அதாவது இயங்கும் நிரலாக மாற்ற வேண்டும். நான் பயன்படுத்தும் ஐ3, மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் 2009ல் தொடங்கியது. அதற்கு ஒரே ஓர் உரைக் கோப்பு போதும். நோட்டில் எழுதுவதுபோல் எழுதலாம்.

எனக்கு லினக்ஸ் கிடைத்தது அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லினக்ஸின் டெபியன் வடிவத்தை அடிப்படையாக வைத்து இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. வீட்டில் இணையம் இல்லை, கணினி தெரிந்தவர் யாரும் இல்லை. இரவு பாடம் முடித்த பிறகு மெனுவுக்குள் நுழைந்து நுழைந்து பார்ப்பேன். முதலில் பின்புறப் படத்தை மாற்றினேன். பிறகு மேலே இருந்த பட்டையைக் கீழே இழுத்தேன். ஒருநாள் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் தெரிவைத் தட்டியபோது, வெறுமையாக இருந்த வீட்டுக் கோப்புறையில் சரசரவென்று இருபது முப்பது புள்ளிக் கோப்புகள் தோன்றின. ஒன்றைத் திறந்தேன். உள்ளே இருந்தவை எழுத்துகள், வாசிக்கக்கூடிய சொற்கள். கணினி என்பது யாரோ எழுதிவைத்த பக்கங்கள், அவற்றை நானும் திருத்தலாம் என்று அன்று தோன்றியது. நான் பிழைதிருத்தும் தொழிலுக்கு வந்ததற்கும் அந்த இரவுக்கும் தொடர்பு உண்டு என்றே நம்புகிறேன்.

கல்லூரி விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் காம்பிஸ் என்ற அலங்கார நிரலைக் காட்டினார். 2006ல் வந்தபோது அது ஒரு காலத்தையே கலக்கியது என்பார். சாளரத்தைப் பிடித்து இழுத்தால் ஜெல்லிபோல் ஆடும். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்தித் திருப்பினால் டெஸ்க்டாப் முழுவதும் கனசதுரமாகச் சுழலும். பிள்ளைகள் கூடி நின்று பார்ப்போம். வேலைக்கு உதவாத அலங்காரம் என்று அதைத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடுதியில் லினக்ஸ் பரவியதே அந்தக் கனசதுரத்தால்தான். அழகு ஆளை வாசல்வரை கூட்டிவரும். வாசலோடு திருப்பி அனுப்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த அலங்காரக் கலைக்கு ஆங்கிலம் பேசுவோர் வைத்திருக்கும் ‘ரைஸ்’ என்ற பெயரை நான் பயன்படுத்துவதில்லை. ஜப்பானியக் கார்களையும் அவற்றை அலங்கரித்து ஓட்டியவர்களையும் அமெரிக்காவில் இழிவாகச் சொல்லிவந்த சொல்லிலிருந்து வந்தது அது. சோற்றை வசவாக்கிய சொல் எனக்கு வேண்டாம்.

இப்படி இழைத்த டெஸ்க்டாப்பைப் படமெடுத்துப் பகிர்வதில் ஒரு மரபே உருவாகியிருக்கிறது. மங்கலான மலைக்காட்சி, வட்ட முனைகளோடு இரண்டு மூன்று சாளரங்கள், ஒன்றில் இசை அலைகள், இன்னொன்றில் இயங்குதளத்தின் சின்னத்தை எழுத்துகளாலேயே வரைந்து பக்கத்தில் கணினியின் விவரங்களைக் காட்டும் நியோஃபெட்ச். உலகெங்கும் ஆயிரக்கணக்கான படங்களில் இடம்பெற்ற அந்தச் சிறு நிரலை எழுதியவர், 2024 ஏப்ரலில் அதன் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டார். தன் பக்கத்தில், விவசாயம் செய்யப் போய்விட்டதாக ஒரே ஒரு வரி எழுதிவைத்தார். அந்த வரியைப் படித்த நாளில் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

படங்களை நான் ரசிக்கிறேன். ஆனால் பார்த்ததும் அம்மாவைப்போலத்தான் எனக்கும் கேள்வி வருகிறது: எத்தனை புள்ளி? கோப்பு எங்கே? கோப்பும் கிடைத்துவிட்டால் நேராக நான் தேடுவது சாம்பல் வரிகளை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஐ3 போன்றவற்றின் அமைப்புக் கோப்பில் எண்குறியில் (#) தொடங்கும் வரி, கணினிக்கு உரியதன்று; மனிதருக்கு எழுதிய குறிப்பு. எடிட்டர்கள் அந்தக் குறிப்புகளை மங்கலான நிறத்தில் காட்டும். நான் பயன்படுத்தும் க்ரவ்பாக்ஸ் வண்ணத் திட்டத்தில் பின்புறம் #282828. குறிப்புகளின் நிறம் #928374, அடுப்புச் சாம்பலில் கொஞ்சம் மண் கலந்ததுபோல். அந்த இரண்டுக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 4க்கு 1. வாசிக்கும் எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்பது வலை அணுகல்தன்மை விதிமுறையின் அளவு. கட்டளைகள் கண்ணில் பட வேண்டும், குறிப்புகள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதே இப்படி வைப்பதற்குக் காரணம். நிரல் எழுதுகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். இன்னொருவரின் கோப்பை வாசிக்க வருபவருக்கு ஒதுங்கி நிற்கும் அந்த வரிகளே முக்கியம். க்ரவ்பாக்ஸை எடுத்தாண்ட நான், அதில் மாற்றிய ஒரே நிறம் அதுதான். சாம்பலை இரண்டு படி வெளுக்க வைத்தேன்.

அப்படி வாசித்ததில் என் கையையே மாற்றிய ஒரு குறிப்பு உண்டு. எந்த நாட்டவர் என்றே தெரியாத ஒருவரின் கோப்பு. படம் சுமாராக இருந்தது. யாரும் நின்று பார்த்திருக்கமாட்டார்கள். உள்ளே, கேப்ஸ் லாக் விசையைக் கண்ட்ரோலாக மாற்றும் கட்டளைக்கு மேலே நான்கு வரிகள் எழுதியிருந்தார். அவருக்கு இடக்கை மணிக்கட்டில் வலி. சுண்டுவிரலை மூலைக்கு நீட்டி நீட்டிக் கண்ட்ரோலை அழுத்துவதால் வந்தது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பழைய சன் கணினிகளின் விசைப்பலகையில் கண்ட்ரோல் இருந்த இடம் இப்போது கேப்ஸ் லாக் இருக்கும் இடம் என்று எங்கோ படித்திருக்கிறார். மாற்றி இரண்டு மாதம் ஆகிறது, வலி குறைந்திருக்கிறது. நான்காவது வரியில், யாருக்காவது உதவினால் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்.

அந்த நாட்களில் எனக்கும் இடக்கை மணிக்கட்டு வலித்துக்கொண்டிருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு, வயதாகிறது போலும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தமிழ் தட்டச்சில் கேப்ஸ் லாக்குக்கு வேலையே இல்லை. அன்றைக்கே அந்த ஒரு வரியை எடுத்து என் கோப்பில் வைத்தேன். மேலே, அம்மா நோட்டில் எழுதுவதுபோல், எங்கிருந்து வந்தது, என்றைக்கு எடுத்தேன் என்று எழுதினேன். நாற்பது சாளரங்கள் பளபளக்கும் எந்தப் படமும் எனக்கு இதைச் செய்ததில்லை.

படத்தில் வரவே முடியாத அமைப்புகள்தான் என் கணினியில் அதிகம். என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். ‘ஔவை’ என்ற சொல்லை எத்தனை பேர் ‘ஒளவை’ என்று, ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்கிறார்கள் என்பது பிழைதிருத்துபவர்களுக்குத் தெரியும். அச்சில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறி விழும். ரகரமும் துணைக்காலும் அப்படித்தான்: ‘காலம்’ என்பதில் கால் இருக்கிறதா ரகரம் இருக்கிறதா என்று சில எழுத்துருக்களில் கண்ணால் சொல்லவே முடியாது. எனவே ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது குறுநிரல், எழுதினேன். சந்தேகமான சொல்லை மௌஸால் தேர்ந்தெடுத்தாலே போதும். எக்ஸ் அதைத் தனியாக ஒரு பையில் எடுத்துவைத்துக்கொள்ளும், நகலெடுக்கக்கூட வேண்டாம். ஐ3 கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் மாட் விசையோடு ‘ஓ’ அழுத்தினால் ஸ்கிரிப்ட் அந்தப் பையிலிருந்து சொல்லை எடுத்து, யூனிகோடு எழுத்து எழுத்தாகப் பிரித்து, திரையின் மூலையில் அறிவிப்பாகக் காட்டும்: ‘ஒ – ள – வ – ஐகாரக் குறி’. குற்றவாளி பிடிபட்டுவிடுவான். பன்னிரண்டு வரி. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அழுத்துகிறேன்.

இதை என் கோப்புகளோடு பொதுவில் வைத்தேன். ஏன் எழுதினேன் என்று ஔவையை உதாரணம் காட்டிக் குறிப்பும் எழுதியிருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, மலையாள நூல்களை மின்னூலாக்கும் ஒருவர் திருத்தம் ஒன்றை அனுப்பினார். மலையாளத்தில் உயிர் சேராத மெய்யைக் குறிக்கும் சில்லெழுத்துகளுக்கு இரண்டு விதக் குறியீடுகள் உண்டு. மெய்யோடு, நம் புள்ளி போன்ற சந்திரக்கலையையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியையும் சேர்ப்பது பழைய முறை. 2008ல் வந்த யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனித்தனி எண்களைக் கொடுத்தது. இரண்டும் கலந்த கோப்புகள் அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்கின்றன. என் பன்னிரண்டு வரியோடு அவர் ஐந்து வரி சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் பெயரோடு காட்டச் செய்திருந்தார். அதை ஏற்றுக்கொண்ட மறுவாரமே, கைப்பேசியிலிருந்து ஒட்டி வந்த ஒரு கவிதைத் தொகுப்பில், சொற்களுக்கு நடுவே ஒளிந்திருந்த அத்தகைய குறிகள் வரிசையாக அகப்பட்டன. அதுவரை அந்தச் சொற்கள் தேடலில் ஏன் சிக்கவில்லை என்று விளங்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். ஔவைக்காக எழுதியது சில்லெழுத்துக்குப் போய், கவிதைக்குத் திரும்பி வந்தது. பகிர்வு என்று நான் சொல்வது இதைத்தான்.

தம்பியின் கண்ணில் முதலில் பட்ட ‘செவ்வாய்’க்கும் ஒரு கதை உண்டு. ஐ3 பட்டையில் நேரம் காட்டும் பகுதிக்கு மட்டும் தமிழ் லொக்கேலை, அதாவது மொழி அமைப்பை, கொடுத்தால் கிழமை தமிழில் வந்துவிடும். வந்தது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பட்டையில் ‘ஞாயிற’ என்று இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். றுகரத்தின் கீழ்ச்சுழி வெட்டுப்பட்டிருந்தது. பட்டை தன் உயரத்தை எழுத்துரு வரியில் முதலில் இருக்கும் எழுத்துருவை வைத்து அளக்கிறது. நான் அங்கே ஓர் ஆங்கில எழுத்துருவை வைத்திருந்தேன். அதில் தமிழ் இல்லாததால் அமைப்பு வேறோர் எழுத்துருவைத் தேடிப்பிடித்து வரைந்தது. உயரமோ ஆங்கிலத்தின் உயரம். மேலே விசிறியும் கீழே சுழியுமாக விரியும் தமிழுக்கு அந்த இடம் போதவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழை வரிசையில் முதலில் வைத்தேன். பட்டை கொஞ்சம் தடித்தது, ஞாயிறு முழுதாயிற்று. படத்துக்கு மெல்லிய பட்டைதான் அழகு என்பார்கள். றுகரத்தின் காலை வெட்டி வரும் அழகு எனக்கு வேண்டியதில்லை.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினல், தமிழுக்கு இன்னும் வலிக்கிற இடம். சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வரைவது அதன் பிறவிக்குணம். ‘கெ’ என்பதில் கணினி முதலில் ககரத்தையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. வரையும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். கட்டத்தைத் தாண்டிப் பார்க்கத் தெரியாத டெர்மினலில் கொம்பு பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். உலகம் மெச்சும் படங்களில் வரும் டெர்மினல்கள் பலவற்றில் தமிழ்க் கோப்பைத் திறந்து பார்த்தால் நிலைமை புரியும். இதனால் பிழைதிருத்தத்துக்கு டெர்மினலை விட்டு, எழுத்தை முறையாகக் கோத்து வரையும் எடிட்டருக்கு நான் மாறியதையும் காரணத்தோடு கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன். தமிழில் வேலை செய்யும் இன்னொருவர் இதில் ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்.

‘அப்படியே’ என்ற சொல் எனக்கு ஏன் இடறுகிறது என்பதற்கு வருகிறேன். 2018ல் ஓர் அழகான டெஸ்க்டாப்பைப் பார்த்து மயங்கி, அதன் சொந்தக்காரர் கொடுத்திருந்த ஒற்றை வரிக் கட்டளையை என் கணினியில் அப்படியே ஒட்டி என்டரைத் தட்டினேன். ஸ்கிரிப்டை இறக்கி உடனே ஓட்டிவிடும் கட்டளை அது. இரண்டு நிமிடத்தில் என் திரை அந்தப் படமாகவே மாறியது. மகிழ்ச்சி அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. என் ‘.கான்ஃபிக்’ கோப்புறை இருந்த இடத்தில் அவருடையது இருந்தது. அதோடு, மூன்றாண்டுகளாகச் சேர்த்துவந்த என் எழுத்துப்பிழைச் சொற்பட்டியலும் போயிற்று: ஊர்ப் பெயர்கள், பழைய நூல்களின் சொல்வடிவங்கள், நூலாசிரியர்கள் பிடிவாதமாகக் கேட்கும் எழுத்துமுறைகள். பிறகு அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். பின்காப்பு எடுத்துக்கொண்டு ஓட்டவும் என்று மேலேயே சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தார்.

2024 மார்ச்சில் இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. கேடிஇ பிளாஸ்மாவுக்கான அங்காடியிலிருந்து குளோபல் தீம் ஒன்றை நிறுவிய பயனர் ஒருவரின் கோப்புகளெல்லாம் அழிந்துபோயின. தீம் என்றால் வண்ணமும் படமும்தானே என்றே எவரும் நினைப்போம். அந்த வகைத் தீம்கள் தம்முள் நிரல்களையும் கொண்டுவரலாம், அவை நம் பெயரிலேயே ஓடும். கேடிஇ தரப்பு அதன்பின் பயனர்களை எச்சரித்தது. பிறர் வீட்டுக் கோலத்தால் நம் வீடு இடிவதில்லை; பிறர் கோப்பால் இடியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019ல் க்னோம் சூழலுக்கு மென்பொருள் செய்யும் சிலர், எங்கள் செயலிகளுக்குத் தீம் பூசாதீர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அலங்கார விரும்பிகள் பலர் கொதித்தார்கள். கடிதத்தை முழுதாகப் படித்த எனக்கு அதில் நியாயம் தெரிந்தது. அவர்கள் கேட்டது, பயனர்களின் கணினிக்குப் போகுமுன்பே தீம் பூசி அனுப்பும், லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் விநியோகக்காரர்களை. சொந்தக் கணினியைத் தன் விருப்பம்போல் மாற்றிக்கொள்பவரிடம் குறையில்லை என்று அதிலேயே சொல்லியிருந்தார்கள். தாங்கள் போடாத கோலத்தில் கம்பி தொங்கினால் பழி அவர்களுக்கல்லவா வருகிறது.

என் கோப்புகள், ஒவ்வொரு மாற்றத்தின் வரலாற்றையும் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. உண்மையான கோப்பை அங்கே வைத்து, இருக்க வேண்டிய இடத்தில் அதைச் சுட்டும் இணைப்பை வைப்பதற்கு ஸ்டோ என்ற பழைய க்னூ கருவி உதவுகிறது. பொதுவில் வைக்குமுன் மின்னஞ்சல் கடவுச்சொல், வங்கி, அலுவலகச் சேவைகளின் சாவிகள் ஏதும் உள்ளே இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். கிட் எதையும் மறக்காது. பிறகு அழித்தாலும் வரலாற்றில் கிடக்கும்.

தம்பிக்கு நான் கோப்புறையைக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் அவன் கணினியில் ஐ3யை நிறுவினோம். முதன்முறை திறந்ததும் அமைப்புக் கோப்பை உருவாக்கட்டுமா என்று அது கேட்கும், மாட் விசையாக விண்டோஸ் விசையா ஆல்ட்டா என்று கேட்கும். அவனையே பதில் சொல்லச் சொன்னேன். என் கோப்பைப் பக்கத்தில் திறந்துவைத்தேன். பிடித்ததை எடுத்துக்கொள், எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் மேலே ஏன் என்று தமிழில் ஒரு வரி எழுது என்றேன். முதல் நாளில் மூன்று வரிதான் எடுத்தான். மூன்றாம் வாரம் தானே சேர்த்ததும் மாற்றியதுமாக 41 வரிகளைத் தனிக் கோப்பாக அனுப்பினான். அகராதியைத் திறக்கும் விசைக்கு மேலே, ‘அகராதி கைக்கெட்டினால்தான் பார்க்கிறேன், எட்டாவிட்டால் ஊகித்துவிடுகிறேன்’ என்று எழுதியிருந்தான். அவன் வயதில் எனக்கு அந்த நேர்மை இருந்ததா என்று தெரியவில்லை.

27ஆம் வரியில், மௌஸ் போகும் சாளரத்துக்கு ஃபோகஸ், அதாவது தட்டச்சு விழும் இடம், தானாகப் போகக் கூடாது என்னும் அமைப்பு இருந்தது. அதன் மேலே: ‘அண்ணன் கோப்பிலிருந்து எடுத்தது. ஏன் என்று தெரியவில்லை. அங்கேயும் எழுதவில்லை. கேட்க வேண்டும்.’

என் கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்த வரிக்கு மேலே குறிப்பு எதுவும் இல்லை. எனக்கே காரணம் நினைவில்லை. கிட் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினேன். 2016 நவம்பரில் சேர்த்திருக்கிறேன். அங்கும் ‘சிறு மாற்றம்’ என்று மட்டும் இருந்தது. அன்றிரவு பரணிலிருந்து அந்தப் பழைய அரசு மடிக்கணினியை இறக்கினேன். மின்னிணைப்பைச் செருகிவிட்டு, வெறுமனே கைகளை விசைப்பலகையின் மேல் வைத்தேன். வலக்கைக் கட்டைவிரலின் அடிமேடு நேராகத் தொடுபலகையின் மேல் போய் உட்கார்ந்தது.

அந்தக் கணினியில் தட்டச்சு செய்யும்போது கை பட்டுச் சுட்டி நகரும். நகர்ந்த சுட்டி அடுத்த சாளரத்தின் மேல் நின்றால், அடித்துக்கொண்டிருக்கும் சொல்லின் பின்பாதி அங்கே போய் விழும். ஒருமுறை அப்படி ஒரு நாவலின் 112ஆம் பக்கத்துக்குள் ஒரு சமையல் குறிப்பின் இரண்டு வரிகள் நுழைந்து, அச்சுக்குப் போகும் நாளில்தான் கண்ணில் பட்டன.

காலையில் அலுவலகம் போனதும், அந்த வரிக்கு மேலே இதையெல்லாம் எழுதிச் சேர்த்தேன். கட்டைவிரலையும் பக்க எண்ணையும் விடவில்லை. பிறகு தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவன் கணினியில் தொடுபலகையே கிடையாது, மேசைக் கணினி. “அப்படியென்றால் எனக்கு இது தேவையில்லையே அண்ணா” என்று சொல்லி, 27ஆம் வரியை எடுத்துவிட்டான்.